எத்தனாவது கறவை? சீம்பால் பவுடரின் தரம் எங்கே முடிவாகிறது

எங்கள் வீட்டில் மாடு கன்று போட்டு, சீம்பால் செம்பு அடுப்படிக்கு வந்ததும் அப்பத்தா ஒரே ஒரு கேள்விதான் கேட்கும்: "எத்தனாவது கறவை?" முதல் கறவை என்றால் ஒரு செம்பு சீம்பாலுக்கு ஒரு செம்பு சாதாரணப் பாலைத் தாராளமாக ஊற்றும். இரண்டாவது கறவை என்றால் கால் செம்பு. நாலு நாள் ஆன பால் என்றால், "இது எங்க கட்டும், கொண்டு போ" என்று திருப்பி அனுப்பிவிடும். பிறகு வெல்லத்தைத் தட்டிப் போட்டுக் கரைத்து, வடிகட்டி, ஏலக்காய் நசுக்கிப் போட்டு, கிண்ணத்தை இட்லிச் சட்டிக்குள் இறக்கி மூடும். கொஞ்ச நேரத்தில் பால் கட்டியாகி, கத்தி வைத்தால் துண்டு துண்டாக வரும்.

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் சீம்பாலை விற்கிற பழக்கம் கிடையாது. கன்று போட்ட வீட்டிலிருந்து நாலு வீட்டுக்குத் தூக்குச்சட்டி போகும், அவ்வளவுதான். அதனால் மதுரை கே.கே. நகரில் இருக்கும் தங்கை வீட்டுக்காரர் ஒரு டப்பாவை நீட்டி, "மச்சான், இது நம்ம சீம்பால்தானாம். ஜிம்ல எல்லாரும் சாப்பிடுறாங்க" என்றபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. விலையைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பச்சைப் புல்லில் மாடு நிற்கும் படம் இருந்தது. "தூய மாட்டுச் சீம்பால்" என்று இருந்தது. எத்தனாவது கறவை என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

நான் சில வருடம் பால் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன். மாப்பிள்ளைக்கு அன்றைக்கு மொட்டை மாடியில் உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். சீம்பால் பவுடரின் தரத்தைக் கெடுப்பவை முக்கியமாக இரண்டு: கடிகாரமும் சூடும். இரண்டையும் இட்லிச் சட்டியை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

முதலில், அதில் என்னதான் இருக்கிறது?

மனிதக் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே தாயின் ரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்பொருள்களை, அதாவது ஆன்டிபாடிகளை, நஞ்சுக்கொடி வழியாக வாங்கிக்கொண்டு பிறக்கிறது. கன்றுக்கு அந்த வசதி இல்லை. பசுவின் நஞ்சுக்கொடி எதிர்ப்பொருள்களை உள்ளே விடாது. ஆகவே கன்று வெறுங்கையோடு பிறக்கிறது. அதற்கு வேண்டியதையெல்லாம் பசு மடியில் சேர்த்து வைத்திருக்கிறது. தியோபால்ட் ஸ்மித்தும் ரால்ஃப் லிட்டிலும் 1922இல் அமெரிக்காவில் இதைச் சோதித்துக் காட்டினார்கள். சீம்பால் கிடைக்காத கன்றுகளில் பெரும்பாலானவை சில நாட்களில் செத்துப்போயின, குடித்தவை பிழைத்தன.

அந்த எதிர்ப்பொருள்களில் முக்கியமானதன் பெயர் இம்யூனோகுளோபுலின் ஜி. சுருக்கமாக ஐஜிஜி என்பார்கள், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். நல்ல முதல் கறவையில் ஒரு லிட்டருக்கு 50 கிராமோ அதற்கு மேலோ ஐஜிஜி இருக்கும். நாம் காப்பிக்கு வாங்கும் பாலில் ஒரு கிராம்கூடத் தேறாது. மொத்தப் புரதம் என்று பார்த்தால் சாதாரணப் பாலில் மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல். முதல் கறவையில் 14 சதவீதம் வரை. இதுபோக லாக்டோஃபெரின் என்ற புரதம், வளர்ச்சிக் காரணிகள், வைட்டமின் ஏ எல்லாம் கூடுதல். பசுவின் சீம்பால் மஞ்சளாக இருப்பதற்குக் காரணம் அதில் இருக்கும் கரோட்டின். எருமை கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றியே பாலில் விடுவதால் எருமைச் சீம்பாலில் அந்த மஞ்சள் வராது. ஆகவே நிறத்தை மட்டும் பார்த்துத் தரம் சொல்ல முடியாது.

இந்த 14 சதவீதப் புரதம்தான் அப்பத்தாவின் கிண்ணத்தில் கட்டியாகிறது. முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் இறுகுவது போலத்தான். முதல் கறவையில் புரதம் அவ்வளவு அடர்த்தி என்பதால், சரிபாதி சாதாரணப் பால் ஊற்றினாலும் கட்டுகிறது. இரண்டாவது கறவைக்கு அந்தத் தாக்குப்பிடிப்பு இல்லை. எவ்வளவு பால் கலந்தால் கட்டும் என்று கைப்பழக்கத்தில் தெரிந்து வைத்திருந்த அப்பத்தா, தன்னை அறியாமலே புரத அளவைச் சோதித்துக்கொண்டிருந்தது.

கடிகாரம்

சீம்பாலின் சூட்சுமம் இந்த இடத்தில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

பசு கன்று போட்ட பிறகு எதிர்ப்பொருளைத் தயாரித்து மடிக்கு அனுப்புகிறது என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. கன்று போடுவதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே ஐஜிஜி பசுவின் ரத்தத்திலிருந்து மடிக்கு இறங்கிச் சேர்ந்துகொண்டே இருக்கும். கன்று போடும் சமயத்தில் ஹார்மோன்கள் மாற, அந்த வரத்து நின்றுபோகும். அதே ஹார்மோன் மாற்றம் பால் சுரப்பை முடுக்கிவிடும். சேர்த்து வைத்த சரக்கு அவ்வளவுதான்; அதன்மேல் புதுப்பால் வந்து விழ ஆரம்பிக்கிறது.

தேங்காய்ப்பால் எடுப்பவர்களுக்கு முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் வித்தியாசம் தெரியும். சீம்பாலும் அந்த மாதிரிதான். ஆராய்ச்சிப் புத்தகங்களில் காலங்காலமாக எடுத்தாளப்படும் ஒரு பட்டியலில் முதல் கறவையில் ஐஜிஜி லிட்டருக்கு 48 கிராம், இரண்டாவதில் 25, மூன்றாவதில் 15. ஆனால் துருவிய தேங்காய் நாம் பிழியும்வரை அப்படியே கிடக்கும். மடி அப்படிக் காத்திருக்காது. காம்பைத் தொடாமல் விட்டு வைத்தாலும் உள்ளே புதுப்பால் சேர்ந்து சீம்பால் நீர்த்துக்கொண்டே போகும்.

எவ்வளவு வேகமாக நீர்க்கிறது என்பதை 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் அழகாகக் காட்டியிருந்தார்கள். மாட்டுக்கு மாடு சீம்பால் மாறும் என்பதால், ஒரே மாட்டின் நான்கு காம்புகளையும் வெவ்வேறு நேரத்தில் கறந்தார்கள். கன்று போட்ட 2 மணி நேரத்தில் கறந்த காம்பில் சராசரி ஐஜிஜி லிட்டருக்கு 113 கிராம். 6 மணி நேரத்தில் 94. 10 மணி நேரத்தில் 82. 14 மணி நேரத்தில் 76. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அந்த 14 மணி நேரக் கறவையும் "முதல் கறவை"தான் என்பதைக் கவனியுங்கள். டப்பாவில் "முதல் கறவை" என்று போட்டிருந்தாலும் அது பாதிப் பதில்தான். எத்தனை மணி நேரத்துக்குள் கறந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் முழுப் பதில்.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்று இந்த இடத்தில் மோதுகிறது. இளங்கொடி, அதாவது நஞ்சுக்கொடி, விழுந்த பிறகுதான் மடியில் கை வைக்க வேண்டும், அதற்கு முன் கறந்தால் மாட்டுக்கு ஆகாது என்று இன்றும் பல வீடுகளில் சொல்வார்கள். எங்கள் சித்தப்பா இதில் பிடிவாதக்காரர். கொடி விழும், அதை வைக்கோலில் பொதிந்து, சாக்கில் கட்டி, ஊரெல்லையில் ஆலமரத்தில் தொங்கவிட்டு வருவார், கை கால் கழுவுவார், அப்புறம்தான் செம்பை எடுப்பார். கொடி விழ எட்டு மணி நேரம் ஆனால் எட்டு மணி நேரமும் கன்று பட்டினி. ஆலமரத்தில் தொங்கவிடுவது பற்றி எனக்கு ஒன்றுமில்லை, நாயும் நரியும் இழுக்காமல் இருக்க நல்ல வழி. காத்திருப்பதுதான் தப்பு. கன்று முட்டிக் குடிக்கும்போதும் நாம் கறக்கும்போதும் பசுவின் உடம்பில் ஆக்ஸிடோசின் சுரக்கிறது. அது கருப்பையைச் சுருங்க வைக்கும், கொடி விழவும் உதவும். கொடியை எதிர்பார்த்துக் கறவையைத் தள்ளிப்போடுவது தலைகீழ் வேலை.

கன்றுக்கு இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது. பிறந்தவுடன் அதன் குடல் எதிர்ப்பொருளை முழுசாக ரத்தத்துக்குள் விடும். மணிக்கு மணி அந்தக் கதவு ஒடுங்கி, ஏறக்குறைய 24 மணி நேரத்தில் சாத்திக்கொள்ளும். முதல் நாலைந்து மணி நேரத்துக்குள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் கொடுக்கச் சொல்வது இதனால்தான். 25 கிலோ எடையில் பிறந்த ஜெர்சி கலப்புக் கன்றுக்கு இரண்டரை லிட்டர். மீந்ததுதான் இட்லிச் சட்டிக்கோ டப்பாவுக்கோ போக வேண்டும்.

நேரத்தைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. தலையீத்து மாட்டை விட மூன்று நான்கு ஈத்து கண்ட மாட்டின் சீம்பால் பொதுவாகக் கெட்டியாக இருக்கும். பால் வற்றவிட்டு ஓய்வு கொடுக்காமல் கடைசி வரை கறந்த மாட்டில் ஐஜிஜி சேர நேரம் இருந்திருக்காது. கன்று போடும் முன்பே மடி ஒழுகிய மாட்டிலும் குறையும்.

அளந்து பார்ப்பது

பால்காரர்கள் வைத்திருக்கும் லாக்டோமீட்டர் மாதிரியே சீம்பாலுக்கும் மிதவைக் கருவி உண்டு. ஆனால் அது பாலின் சூட்டுக்குத் தக்கபடி அளவை மாற்றிச் சொல்லும். நம் வெயிலில் நல்ல சீம்பாலையும் மட்டம் என்று காட்டிவிடும். கையடக்கமான பிரிக்ஸ் மானி மேல். அலங்காநல்லூர் பக்கம் கரும்பு போட்டவர்களுக்குப் பிரிக்ஸ் என்ற சொல் புதிதல்ல. கருப்பஞ்சாற்றில் ஒரு சொட்டை கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்தில் பிடித்து, நீலமும் வெள்ளையும் சேரும் கோட்டைப் படிப்பார்களே, அதே கருவிதான். கரும்பில் அது சர்க்கரையைச் சொல்லும். சீம்பாலில் கரைந்திருக்கும் திடப்பொருளைச் சொல்லும், அதில் பெரும்பகுதி புரதம் என்பதால் ஐஜிஜியை ஊகித்துக்கொள்ளலாம். 22 பிரிக்ஸ் வந்தால் லிட்டருக்கு 50 கிராம் இருக்கும் என்று வைத்துக்கொள்வது உலகம் முழுக்க வழக்கம். ஒரு சொட்டுப் போதும், அரை நிமிட வேலை. சீம்பால் சேகரிக்கும் நல்ல நிறுவனம் ஒவ்வொரு மாட்டின் பாலையும் தனித்தனியாக இப்படிப் பார்த்து, தேறாததை ஒதுக்கிவிட்டுத்தான் மற்றவற்றை ஒன்றாகச் சேர்க்கும். பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கொட்டினால், நாலு நல்ல மாட்டின் உழைப்பை ஒரு தண்ணிச் சீம்பால் கரைத்துவிடும்.

கறந்த பிறகு வெயில்

ஃபிரிட்ஜ் புதிதாக வந்த காலத்தில் நான் செய்த கோளாறு ஒன்று. சாயங்காலம் மாடு கன்று போட்டது, கன்று குடித்தது போக ஐந்து லிட்டர் இருந்தது. காலையில் ஊருக்கெல்லாம் கொடுக்கலாம் என்று தூக்குவாளியை மூடி அப்படியே ஃபிரிட்ஜுக்குள் வைத்தேன். காலையில் திறந்தால் ஓரத்தில் ஜில்லென்று இருக்கிறது. நடுவில் கரண்டியை விட்டு எடுத்தால் புளித்த வாடை. வேக வைத்ததில் ரவை ரவையாகத் திரிந்து தண்ணீர் தனியாக நின்றது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, நாய்த் தட்டில் கொட்டிவிட்டார்.

தப்பு எங்கே என்று பிறகுதான் புரிந்தது. மடியிலிருந்து வரும் சீம்பால் மாட்டின் உடம்புச் சூட்டில், 38 டிகிரிக்கு மேல் இருக்கும். அவ்வளவு பெரிய பாத்திரத்தின் நடுப்பகுதி குளிர மணிக்கணக்காகும். அதுவரை பாக்டீரியாவுக்கு அது விருந்து. தோதான சூட்டில் ஈகோலை மாதிரிக் கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒன்று மூன்று மணி நேரத்தில் 512 ஆகும். ஆறு மணி நேரத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டும். மதுரையில் சித்திரை மாதக் கொட்டகையில், ஈயம் பூசாத அண்டாவில், கழுவாத காம்பிலிருந்து கறந்தது ஆரம்பிப்பதே ஒன்றிலிருந்து அல்ல.

சரியான முறை எளிதானது: காம்பை வெந்நீரில் கழுவித் துடைத்து, எவர்சில்வர் பாத்திரத்தில் கறந்து, ஒன்றிரண்டு லிட்டராகப் பிரித்து, ஐஸ் தண்ணீரில் உட்கார வைத்துவிட வேண்டும். நாலு டிகிரியில் ஒன்றிரண்டு நாள் தாங்கும். மைனஸ் 20 டிகிரியில் உறைய வைத்தால் ஒரு வருடம் வரை ஐஜிஜிக்கு ஒன்றும் ஆகாது. உருக்கும்போது அவசரப்பட்டுக் கொதிநீரில் போடக்கூடாது, 50 டிகிரிக்குக் கீழே உள்ள வெந்நீர் போதும். கறந்த சீம்பாலில் மில்லிக்கு ஒரு லட்சத்துக்குக் குறைவாகவே பாக்டீரியா இருக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவத்தில் ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டிய சரக்கைத் தொழிற்சாலையில் எவ்வளவு சுடவைத்தாலும் கிருமி சாகுமே தவிர, அது தின்று தீர்த்தது திரும்பி வராது, கழித்து வைத்தது போகாது.

சூடு

பச்சைச் சீம்பாலை அப்படியே காய வைத்து விற்க முடியாது. காசநோய், கன்று வீச்சு நோயான புரூசெல்லா, சால்மோனெல்லா எல்லாம் அதன் வழியாக வரலாம். கிருமியைக் கொல்லச் சூடு வேண்டும். அதே சூடு ஐஜிஜியையும் கெடுக்கும். தொழில்நுட்பம் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சின்னச் சந்தில்தான் நடக்கிறது.

பாலை 72 டிகிரியில் 15 வினாடி, அல்லது 63 டிகிரியில் அரை மணி நேரம் வைப்பது பால் பண்ணைகளின் வழக்கமான பாஸ்டரைசேஷன். சீம்பாலை அதே இயந்திரத்தில் விட்டால் கெட்டியாகிக் குழாயில் ஒட்டும், ஐஜிஜியில் ஒரு பங்கு போகும். ஆராய்ச்சியாளர்கள் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்த சமரசம் 60 டிகிரியில் 60 நிமிடம். அந்தச் சூட்டில் முக்கியமான கிருமிகள் அடங்கும், ஐஜிஜி ஏறக்குறைய முழுசாகத் தங்கும். மூன்று டிகிரி கூடினாலே கதை மாறுகிறது என்பதைப் பாருங்கள். அடுப்படியில் மூன்று டிகிரியை யார் கணக்கில் வைக்கிறோம்!

சிலர் சூட்டையே தவிர்க்க, கொழுப்பைப் பிரித்தபின் மிக நுண்ணிய துளை கொண்ட சவ்வு வழியாக வடிகட்டிக் கிருமியை நிறுத்துகிறார்கள். கொழுப்பை எடுப்பது எப்படியும் நல்லது, பவுடரில் கொழுப்பு தங்கினால் நாள்பட்ட எண்ணெய் போலச் சிக்கு வாடை வரும்.

அடுத்தது காய வைப்பது. பெரும்பாலான பவுடர்கள் தெளித்துக் காய வைத்தவை: சீம்பாலைப் பூந்தூறலாகத் தெளித்து, எதிரே 150 டிகிரிக்கு மேலான காற்றை விடுவார்கள். 150 டிகிரி என்றதும் மாப்பிள்ளை பதறினார். மண்பானைத் தண்ணீர் வெயிலில் இருந்தும் ஜில்லென்று இருக்கிறதே, அதே காரணம்தான் இங்கும். நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போவதால், ஈரம் இருக்கும் வரை துளி அவ்வளவு சூடாகாது. ஆபத்து கடைசி நொடியில், துளி காய்ந்து தூளான பிறகு வெளியேறும் காற்றின் சூட்டில் இருக்கிறது. உற்பத்தியைக் கூட்ட வேண்டும் என்று அந்தச் சூட்டை ஏற்றி ஓட்டினால் தூள் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், எதிர்ப்பொருள்தான் குறைந்திருக்கும்.

இன்னொரு வழி உறைய வைத்து உலர்த்துவது. பூஜை அறையில் கற்பூர டப்பாவை மூடாமல் விட்டால், உருகாமலே கற்பூரம் காணாமல் போகும். உறைந்த சீம்பாலை வெற்றிடத்தில் வைத்தால் அதிலிருக்கும் பனியும் அப்படித்தான் தண்ணீராகாமல் நேரே ஆவியாகும். சூடு அதிகம் படாததால் ஐஜிஜி பத்திரம். செலவும் நேரமும் பல மடங்கு. ஆனால் ஒன்று, 14 மணி நேரம் கழித்துக் கறந்து வெயிலில் வைத்த சீம்பாலை இந்த முறையில் உலர்த்தினால் மட்டமான சரக்கைப் பத்திரமாகப் பாதுகாத்ததாகத்தான் ஆகும். அதனால் டப்பாவில் உலர்த்திய விதத்தை மட்டும் பெருமையாகப் போட்டிருந்தால் நான் மயங்க மாட்டேன்.

டப்பாவைப் படிப்பது

"ஒரு மாத்திரையில் 500 மில்லிகிராம் சீம்பால்" என்ற வரி ஏறக்குறைய ஒன்றுமே சொல்லவில்லை. மூன்றாம் நாள் பாலுக்கும் சீம்பால் என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். பார்க்க வேண்டியது ஐஜிஜி எத்தனை சதவீதம் என்பது. 20 சதவீதம் என்றால் 500 மில்லிகிராம் மாத்திரையில் 100 மில்லிகிராம் ஐஜிஜி. நல்ல முதல் கறவையில் லிட்டருக்கு 50 கிராம் என்றால், 20 மில்லி, அதாவது ஒரு குழிக்கரண்டிக்கும் குறைவான சீம்பாலில் ஒரு கிராம். பத்து மாத்திரைக்குச் சமம். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியதும் மாப்பிள்ளை டப்பாவின் மூடியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். மொத்தப் புரதத்தைப் பெரிய எழுத்தில் போட்டு ஐஜிஜியைச் சொல்லாத டப்பாவும் உண்டு. கேசீன் என்ற சாதாரணப் பால் புரதமும் அந்தக் கணக்கில் ஏறிவிடும். இன்னொன்று, பசுவுக்குப் பால் வற்றும்போது காம்பில் ஏற்றும் ஆன்டிபயாட்டிக் மருந்து முதல் கறவைகளில் கசிந்து வரலாம். அதைச் சோதித்ததாக நிறுவனம் சொல்கிறதா என்றும் பார்க்கலாம்.

வாங்கியாகிவிட்டது என்றால், சூடான பாலிலோ காப்பியிலோ கலக்காதீர்கள். தொழிற்சாலையில் 60 டிகிரியைத் தாண்டாமல் அரும்பாடுபட்டுக் காப்பாற்றியதை டம்ளரில் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கெடுப்பானேன்? ஈரக் கரண்டியைப் போட்டால் கட்டி பிடிக்கும். அடுப்பு மேடையில் வைத்தால் நாளடைவில் பழுப்பேறும்.

சரி, சாப்பிட்டால் நமக்கு என்ன ஆகும்? கன்றின் குடல் போல நம் குடல் ஐஜிஜியை முழுசாக ரத்தத்துக்கு அனுப்பாது. அது வேலை செய்தால் குடலுக்குள்ளேயேதான். குடல் சம்பந்தமாகவும் விளையாட்டு வீரர்களின் சளித் தொந்தரவு பற்றியும் சிறிய ஆய்வுகள் சிலவற்றில் நல்ல முடிவுகள் வந்திருக்கின்றன. சர்வரோக நிவாரணி என்று டப்பா சொன்னால் நம்ப வேண்டாம். பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது ஆகாது. போட்டிகளுக்குப் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை சீம்பாலைத் தடை செய்யவில்லை, ஆனால் அதில் இருக்கும் ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணி சோதனை முடிவைப் பாதிக்கலாம் என்பதால் சாப்பிடச் சொல்வதில்லை. மாப்பிள்ளை போட்டிக்கெல்லாம் போகிறவர் இல்லை, ஆனாலும் இதைக் கேட்டுக் கொஞ்சம் பெருமைப்பட்டார். பச்சைக் குழந்தைக்கு மட்டும் இந்தப் பவுடர் பேச்சே கூடாது. அதற்குத் தாயின் சீம்பால் இருக்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சேனை வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீரை முதலில் தொட்டு வைக்கும் வீடுகளில் அங்கேயும் கடிகாரத்தைத் தள்ளி வைக்கிறோம்.

நம் ஊரில் ஏன் டப்பாவாகவில்லை?

மாட்டுத்தாவணி என்று பேருந்து நிலையத்துக்கே பெயர் வைத்திருக்கும் ஊர் நாம். மாட்டுக்குப் பஞ்சமில்லை. மாடுகள் கன்று போடும் விதம்தான் தோதில்லை. நியூசிலாந்தில் புல் முளைக்கும் பருவத்தைக் கணக்கிட்டு, ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் பெரும்பாலான பசுக்கள் மொத்தமாகக் கன்று போடும்படி வளர்க்கிறார்கள். ஒரே பண்ணையில் தினமும் பல மாடுகள். குளிர்பதனத் தொட்டி பக்கத்திலேயே. இங்கே பேரையூரில் ஒரு மாடு இன்று, மேலூரில் ஒன்று நாளை மறுநாள், அதுவும் ராத்திரி இரண்டு மணிக்கு. இரண்டு மணி நேரத்துக்குள் கறந்து, அளந்து, குளிர வைத்து எடுத்துப் போக யார் வருவார்? புலிக்குளம் என்ற நாட்டு இனக் கிடைமாடுகளில் கன்றுக்குப் போக மிஞ்சுவதே இல்லை. பால் சொசைட்டிக்கும் சீம்பால் ஆகாது. 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையில் பாலுக்கான வரையறையிலேயே அது சீம்பால் கலக்காததாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. கலந்தால் மொத்தப் பாலும் காய்ச்சும்போது திரிந்துவிடும்.

போன மாசியில் எங்கள் கலப்பு மாடு விடியற்காலை மூன்றரை மணிக்குக் கன்று போட்டது. சித்தப்பா கொடி விழட்டும் என்று திண்ணையில் உட்கார்ந்திருந்தார். தம்பி அவருக்குத் தெரியாமல் கொல்லைப் பக்கமாகப் போய் நாலரைக்கே கறந்துவிட்டான். டார்ச் வெளிச்சத்தில் பிரிக்ஸ் மானியைப் பிடித்துப் பார்த்தேன், 24. கன்று இரண்டரை லிட்டரைக் குடித்துவிட்டு வைக்கோலில் சாய்ந்தது. ஆறு மணிக்குள் கொடியும் விழுந்தது. சித்தப்பா சாக்கோடு ஆலமரத்துக்குப் போனார். மீந்ததை அடுப்படிக்குக் கொண்டு போனேன். அப்பத்தா இல்லாத அடுப்படியில் அம்மா செம்பை வாங்கிக்கொண்டே கேட்டார், "எத்தனாவது கறவை?" முதல் கறவை என்றேன். சரிக்குச் சரி பால் ஊற்றி, கருப்பட்டி போட்டு, இட்லிச் சட்டியில் வைத்தார். லிட்டருக்கு 50 கிராமுக்கு மேல் இருந்த ஐஜிஜி பதினைந்து நிமிடத்தில் வெந்து போனது. மாப்பிள்ளைக்கு ஒரு டப்பா நிறைய வெட்டிக் கொடுத்துவிட்டோம், பஸ் செக்கானூரணி தாண்டுவதற்குள் பாதி காலி என்று போன் வந்தது.